ராமேஸ்வரம் கடலில் ஓர் அறுபது

செல்போனில் வரைபடத்தைத் திறந்து ராமேஸ்வரம் கோயில் மீது விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் மட்டும் எடுத்துக்கொள்வோம்: 9.28 வடக்கு, 79.31 கிழக்கு. படகில் இருக்கும் ஜி.பி.எஸ். பெரும்பாலும் இதை வேறு மாதிரி காட்டும்: 9 டிகிரி 16.8 நிமிடம், 79 டிகிரி 18.6 நிமிடம். இடம் ஒன்றுதான். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், அதனால் 0.28-ஐயும் 0.31-ஐயும் 60-ஆல் பெருக்கினால் அந்த 16.8-உம் 18.6-உம் கிடைத்துவிடும்.

பெருக்க மறந்தால்தான் வம்பு. செல்லில் வந்த 9.28, 79.31 இரண்டையும் 9 டிகிரி 28 நிமிடம், 79 டிகிரி 31 நிமிடம் என்று கருவியில் ஒருவர் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே 11.2 நிமிடமும் கிழக்கே 12.4 நிமிடமும் தள்ளிப்போகும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தால் கச்சத்தீவுக்கு வடக்கே 9 கிலோமீட்டர் போல வருகிறது. பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் 1974-இல் ஒப்புக்கொண்ட எல்லைக்கோட்டின் திருப்பங்களில் ஒன்று 9 டிகிரி 40.15 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 22.60 நிமிடம் கிழக்கு. அடுத்தது 9 டிகிரி 21.80 நிமிடம், 79 டிகிரி 30.70 நிமிடம். இரண்டையும் கோடு போட்டுச் சேர்த்தால், நம் ஆள் கோயில் என்று நினைத்துப் போட்ட புள்ளி பார்டரைத் தாண்டி 5 கிலோமீட்டர் அந்தப் பக்கம் இருக்கிறது.

பழகிய படகு டிரைவர் கரை விளக்கையும் தண்ணீரின் ஆழத்தையும் பார்த்தே சுதாரித்துக்கொள்வார், அது வேறு விஷயம். செல்போன் பத்தில் எண்ணுகிறது, கடல் அறுபதில் எண்ணுகிறது என்பதுதான் இங்கே சங்கதி. கடல் ஏன் இன்னும் பத்துக்கு மாறவில்லை?

சோம்பல் இல்லை, அதில் ஒரு வசதி இருக்கிறது. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் நகர்ந்தால் அது ஒரு கடல் மைல். மீட்டர் என்ற அளவை வகுத்தவர்கள் துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை ஒரு கோடி மீட்டர் என்று வைத்தார்கள். அதாவது 10,000 கிலோமீட்டர். அதற்குள் 90 டிகிரி, ஒவ்வொன்றுக்கும் 60 நிமிடம். 10,000-ஐ 5,400-ஆல் வகுத்தால் 1.852 கிலோமீட்டர். 1929-இல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச மாநாடு கடல் மைலை 1,852 மீட்டர் என்று முடிவு செய்தது. பூமி கொஞ்சம் தட்டையான உருண்டை, அதனால் ராமேஸ்வரம் அட்சரேகையில் உண்மையான ஒரு நிமிடம் சுமார் 1,843 மீட்டர்தான். 9 மீட்டர் வித்தியாசம் யாருடைய வலையையும் கிழிக்காது.

மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்தான் ஒரு நாட். 6 நாட்ஸ் வேகத்தில் நேர் வடக்கே ஓடும் படகு பத்து கடிகார நிமிடத்தில் ஒரு அட்சரேகை நிமிடத்தைத் தாண்டும். தமிழகத்தில் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்று விதி. அதே வேகத்தில் அந்த 5 மைலைக் கடக்க 50 நிமிடம் ஆகும். காகிதமோ கால்குலேட்டரோ தேவையில்லை. கடிகாரத்திலும் 60, டிகிரியிலும் 60 என்பதால் கணக்கு மனசிலேயே முடிந்துவிடுகிறது.

இந்த அறுபதைத் தொடங்கி வைத்தவர்கள் மெசபடோமியாக்காரர்கள். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகையில் அறுபதை அடியாக வைத்துக் கணக்கு எழுதினார்கள். கிரேக்க வானியலாளர் தாலமி கோணங்களைப் பிரிக்க அதையே எடுத்துக்கொண்டார். ஏன் அறுபது என்றால், அது சண்டையில்லாமல் பங்கு பிரியும் எண். 1, 2, 3, 4, 5, 6 ஆறுமே மீதியில்லாமல் வகுக்கும் மிகச் சிறிய எண் 60. நூறுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூன்று பேருக்கு நூறைப் பிரித்துப் பாருங்கள்.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். பஞ்சாங்கத்தில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அடியில் ஓட்டையுள்ள செம்பு வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை நாழிகையாக எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இப்போது வட்டில் இல்லை, ஆனால் பஞ்சாங்கத்தில் திதிக்கு எதிரே நாழிகைக் கட்டம் இன்னும் இருக்கிறது. அதை வைத்தே கடல் ஏற்ற இறக்கத்தை ஒரு மாதிரி ஊகித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

பூமி 60 நாழிகையில் 360 டிகிரி சுற்றுகிறது, அதாவது நாழிகைக்கு 6 டிகிரி. நிலவு வானத்தில் சூரியனைவிட்டு 12 டிகிரி விலக எடுக்கும் காலம் ஒரு திதி. அப்படி விலகிப்போன நிலவை மறுபடி அதே இடத்தில் பார்க்கப் பூமி இன்னும் 12 டிகிரி கூடுதலாகத் திரும்ப வேண்டும். அதற்கு இரண்டு நாழிகை. ஆகவே நிலவு ஒவ்வொரு திதிக்கும் சுமார் 2 நாழிகை, அதாவது 48 நிமிடம் பிந்தி எழுகிறது. பௌர்ணமிக்குப் பிறகு ஐந்தாம் திதி என்றால் சூரியன் மறைந்து 10 நாழிகை கழித்து, இரவு பத்து மணியை ஒட்டி நிலவு தலை காட்டும். முப்பது திதி முடியும்போது முப்பது இரண்டு அறுபது, ஒரு முழு நாளும் சுற்றி முடிந்துவிடும்.

கடலை இழுப்பதில் நிலவுக்குத்தான் பெரிய பங்கு. அதனால் ஏற்றமும் அதன் பின்னாலேயே பிந்துகிறது. இன்று காலை 7 மணிக்கு நீர் ஏறி நின்றால் நாளை 7.50 போல நிற்கும். 48 ஏன் 50 ஆனது? முப்பது திதிகள் சரியாக 30 நாள் ஆவதில்லை, சுமார் 29.53 நாளில் முடிந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, பூமி அந்தக் கூடுதல் தூரத்தைத் திரும்பும் நேரத்திலும் நிலவு சும்மா நிற்காமல் இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து அந்த இரண்டு நிமிடம். இந்தக் கரையில் ஏற்ற இறக்கத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. காற்று பலமாக அடித்தால் கணக்கு கலைந்தும் போகும். ஆனால் பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு அரை மீட்டரே பெரிய விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும். அந்த நாட்களை வைத்து மாதத்துக்கு 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது என்று அவர்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. 60 நிமிடத்தில் பூமி 15 டிகிரி திரும்புகிறது, டிகிரிக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 டிகிரிக்கு வகுத்தது. ராமேஸ்வரம் அதற்கு 3.2 டிகிரி மேற்கே. ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 13 நிமிடத்துக்கு.

அப்புறம் பெரிய அறுபது, வருஷப் பெயர்கள். பிரபவ முதல் அட்சய வரை அறுபது. வியாழன் வானத்தை ஒரு முறை சுற்ற சுமார் 12 ஆண்டு, சனிக்கு சுமார் 30 ஆண்டு. இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்கு வர 60. வட இந்தியாவில் வியாழனின் உண்மை நடையைப் பின்பற்றி 85 ஆண்டுகளுக்கு ஒரு முறை போல ஒரு பெயரைத் தாண்டிவிடும் வழக்கம் உண்டு. தெற்கே அதை எப்போதோ விட்டுவிட்டோம். நம் பெயர்கள் சித்திரைக்குச் சித்திரை வரிசையாக வருகின்றன, வியாழன் என்ன செய்தாலும்.

இதைச் சோதிக்க இந்தக் கரைக்கு மறக்க முடியாத ஒரு வருஷம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது, பயணிகள் ரயில் ஒன்றையும் கொண்டுபோனது. அது குரோதி வருஷம். 2024 ஏப்ரலில் பிறந்ததும் குரோதி. பெயரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. புயல் கடல்நீரின் சூட்டில் உருவாகிறது, அதற்கு வருஷப் பெயர் தெரியாது. பார்க்க வேண்டியது, அறுபது ஆண்டில் கிரகங்கள் பழைய இடத்துக்கே வந்தனவா என்பதை. இரண்டு டிசம்பரிலும் சனி கும்பத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே 13 டிகிரி போல முன்னேறிவிட்டது, ஏனென்றால் அதன் சுற்று 30 அல்ல, 29.46 ஆண்டு. வியாழனின் சுற்று 11.86 ஆண்டு. அறுபது ஆண்டில் ஐந்து சுற்று முடித்து 21 டிகிரி கூடுதலாக ஓடிவிடும். அதனால் 1964 டிசம்பரில் மேஷத்தில் இருந்த வியாழன் 2024 டிசம்பரில் ரிஷபத்துக்கு வந்திருந்தது. அடுத்த குரோதி 2084-இல். அந்த டிசம்பரில் கணக்குப்படி வியாழன் மிதுனத்தில் இருக்கும், சனியும் கும்பத்தைத் தாண்டி மீனத்துக்குள் நுழைந்திருக்கும்.