காந்தத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன்

ராதாபுரம் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, காந்தப் பாடம் தொடங்கும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தாம்பாளத்தில் குண்டூசி, செம்புக் கம்பி, பித்தளைச் சாவி, ஒரு ரூபாய் நாணயம், மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம், எவர்சில்வர் டம்ளர், எவர்சில்வர் கரண்டி ஆகியவற்றைப் பரப்பி வைத்து, இவற்றுள் எவை காந்தத்தில் ஒட்டும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொல்வேன். பெரும்பாலான பிள்ளைகள் எல்லாமே ஒட்டும் என்று எழுதுவார்கள். "காந்தம் உலோகங்களை ஈர்க்கும்" என்று யாரோ சொல்லிக்கொடுத்த பிழையான வாக்கியம் அவர்கள் மனத்தில் பதிந்திருப்பதே காரணம்.

காந்தத்தைக் கையில் கொடுத்ததும் அந்த வாக்கியம் உடைந்துபோகும். குண்டூசியும் ஒரு ரூபாய் நாணயமும் தாவி ஒட்டும். செம்பும் பித்தளையும் மஞ்சள் நாணயமும் அசையாமல் கிடக்கும். இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவையும் அவற்றைக் கொண்ட சில கலவைகளுமே சாதாரணக் காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படுகின்றன. வகுப்பில் அதிகப் பேச்சை எழுப்புவது எவர்சில்வர்தான். கரண்டி ஒட்டும், டம்ளர் ஒட்டாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரும்போடு குரோமியம் மட்டும் சேர்ந்த வகை ஒட்டும். நிக்கலும் போதிய அளவு சேரும்போது உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே மாறிவிடுவதால் ஈர்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. தனித்தனியே காந்தத்தில் ஒட்டும் இரண்டு உலோகங்கள் சேர்ந்தால் ஒட்டாமல் போகக்கூடும் என்பதை ஒரு பிள்ளை தன் வீட்டு அடுக்களையிலேயே கண்டுகொள்வது எனக்குப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

அடுத்து நான் வலியுறுத்துவது விலக்கத்தை. ஒரு பொருள் காந்தத்தை நோக்கி இழுபட்டால் அது வெறும் இரும்பாகவும் இருக்கலாம், காந்தமாகவும் இருக்கலாம். தள்ளிவிட்டால்தான் அதுவும் காந்தம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒத்த முனைகள் விலக்கும், எதிர் முனைகள் ஈர்க்கும் என்று ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களிடம், அடையாளமில்லாத இரண்டு கம்பிகளைக் கொடுத்து எது காந்தம் என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். அந்தத் திகைப்பைத் தீர்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

நான் முதலில் பணியில் சேர்ந்த பள்ளியின் ஆய்வகத்தில் சட்டக்காந்தங்கள் ஒரு மேசை அறைக்குள் குவியலாகக் கிடந்தன. ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டபோது முன்வரிசையில் இருந்த சிறுமி, "சார், செவப்பு தெக்கல்லா காட்டுது?" என்றாள். அவள் சொன்னது சரி. வடமுனை என்று சிவப்பு பூசியிருந்த முனை தெற்கே நின்றது. தாறுமாறாகப் போட்டு வைத்ததில் வலுவான காந்தமொன்று அதன் முனைகளையே மாற்றியிருக்க வேண்டும். சட்டக்காந்தங்களை இரண்டிரண்டாக, எதிர் முனைகள் அருகருகே வரும்படி, நடுவில் மரச்சட்டம் வைத்து, இரு புறமும் மென்னிரும்புத் துண்டுகளைப் பொருத்தி வைக்க வேண்டும். கீழே போடுவதும், சூடாக்குவதும் காந்தத்தின் வலுவைக் குறைக்கும்.

தொங்கவிட்ட காந்தம் வடக்கு தெற்காக நிற்பது பூமியே ஒரு காந்தமாக இருப்பதால்தான் என்று வில்லியம் கில்பர்ட் 1600-ஆம் ஆண்டு எழுதிய நூலில் விளக்கினார். இதில் நம் நெல்லைச் சீமைக்கு ஒரு தனிச்சிறப்பு இருப்பதை இங்குள்ள பிள்ளைகளே அறியாமல் இருக்கிறார்கள். பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக அமையும் காந்த நடுவரை நமக்கு மிக அருகில் செல்கிறது. ஈர்ப்பு மையத்தில் தாங்கப்பட்டு மேலும் கீழும் சாயக்கூடிய காந்த ஊசி, டெல்லியில் 40 பாகைக்கு மேல் சரிந்து நிற்கும்; இலண்டனில் 65 பாகைக்கு மேல்; நம் ஊரில் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். 1850-களில் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் ஆலன் புரூன், நம் பொதிகையின் அகத்தியர் மலை உச்சியிலேயே ஓர் ஆய்வகம் அமைத்துக் காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகளைப் பதிவுசெய்தார். இன்றும் கிருஷ்ணாபுரத்தில், சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற அதே ஊரில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. பகல் நேரத்தில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காந்த நடுவரையை ஒட்டி ஓடும் மின்னோட்டத்தின் விளைவை ஆராய இந்த இடம் பொருத்தமானது.

வீட்டுக்கு வருவோம். குளிர்பதனப் பெட்டியின் கதவு விளிம்பு, ஒலிபெருக்கி, மோட்டார் என்று காந்தம் இல்லாத வீடு இன்று அரிது. பொற்கொல்லர்கள் அரம்போட்ட பொன் தூளில் கலந்த இரும்புத் துகளைக் காந்தத்தால் பிரித்தெடுக்கிறார்கள். மின்சாரமும் அப்படியே. காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று சார்ந்து நகரும்போது மின்சாரம் பிறக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த உண்மையைத்தான் பாபநாசத்தில் நீரும், ராதாபுரம் காற்றாலைகளில் காற்றும், கூடங்குளத்தில் நீராவியும் செயல்படுத்துகின்றன. ஒரே மாவட்டத்தில் இம்மூன்றையும் நேரில் காட்ட முடிகிற வாய்ப்பு எத்தனை ஆசிரியர்களுக்குக் கிடைக்கும்?

உவரிக் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் இட்டு மணலில் இழுத்துப் பாருங்கள். கரிய துகள்கள் பையின் மேல் மயிர்போலக் குத்திட்டு நிற்கும். காந்தத்தை உள்ளிருந்து எடுத்ததும் பொலபொலவென்று உதிரும். இரும்பு கலந்த இந்தக் கரிய தாதுக்களில் மேக்னடைட் எளிதாக வரும்; இல்மனைட்டுக்கு வலுவான காந்தம் வேண்டும். பை இல்லாமல் இழுத்தால் அந்தத் துகள்களைத் துடைத்தெடுப்பது பெரும்பாடு.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் உருவான, மிக வலுவான நியோடிமியம் காந்தங்கள் இன்று மணி மணியாக விளையாட்டுப் பொருள் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. சென்ற ஆண்டு ஒரு மாணவன் சட்டைப்பையில் அவற்றைக் கொண்டுவந்தான். இரண்டு மணிகளை வாங்கி, நான்காக மடித்த கைக்குட்டையின் இரு புறமும் வைத்துக் காட்டினேன். துணியை இறுகக் கவ்விக்கொண்டன, உதறியும் விழவில்லை. குழந்தை ஒன்றுக்கு மேற்பட்ட மணிகளை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே நடப்பதும் இதுதான். இடையில் சிக்கிய குடல்சுவருக்கு இரத்தம் செல்லாமல் திசு அழுகி ஓட்டை விழும். தொடக்கத்தில் சாதாரண வயிற்றுவலி, வாந்தி போலவே தெரியும் என்பதுதான் கொடுமை.

எனவே சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த மணிகளை வைத்திருக்கவே வேண்டாம். பள்ளிப் பிள்ளைக்கு விழுங்க முடியாத அளவுள்ள சட்டக்காந்தமோ லாடக்காந்தமோ போதும். இதயமுடுக்கி பொருத்திய பெரியவர்களின் மார்பருகே வலுவான காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, நாணயம் விழுங்கிய பிள்ளைக்குச் செய்வதுபோல வாழைப்பழம் கொடுத்து மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்; வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எக்ஸ்ரே படத்தில் ஒட்டிய இரண்டு மணிகள் ஒன்றுபோலத் தெரியக்கூடும் என்பதால், விழுங்கியது காந்தம் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லி, மீதமுள்ள மணிகளை ஒரு டப்பாவில் போட்டு கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.