கிராஃபிட்டி: கீறலா, கிறுக்கலா, சுவரெழுத்தா?

கிராஃபிட்டி என்பது சுவருக்குச் சொந்தக்காரரோ பொறுப்பாளரோ இசையாமல் அதில் கீறியோ எழுதியோ வரைந்தோ விட்டுப்போகும் அடையாளம். தமிழ்ச் செய்திகளில் இதைச் சுவரோவியம் என்பார்கள், கிறுக்கல் என்பார்கள், சில நாள் சுவர் விளம்பரம் என்றும் எழுதிவிடுவார்கள். வீட்டுச் சுற்றுச்சுவர் என்றால் இந்தக் குழப்பத்தால் பெரிய நட்டம் இல்லை. கொள்ளிடத்தின் கீழணைத் தூணிலோ, மூடிக்கிடக்கும் அரிசி ஆலையின் புகைபோக்கியிலோ என்றால் நட்டம் உண்டு. சுவரின் சேதத்தைப் பற்றிய அறிக்கையில் எழுதும் சொல்லைப் பார்த்துத்தான் கொத்தனார் கையில் என்ன கருவி கொடுப்பது என்று முடிவாகிறது.

வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. 'கிராஃபியாரே' என்றால் கீறுதல். ஒரு கீறல் கிராஃபிட்டோ, பல கீறல்கள் கிராஃபிட்டி. ஆகவே 'கிராஃபிட்டிகள்' என்பது பன்மைக்கு மேல் பன்மை. ஆனால் இனி அதை யாரும் திருத்தப்போவதில்லை. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரைத் தோண்டியபோது, சுவர்ப்பூச்சில் ஆணி போன்ற கூர்முனையால் கீறிய வசவுகளும் காதல் வரிகளும் கணக்குகளும் ஏராளமாக வெளிப்பட்டன. 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் அவற்றுக்கு வைத்த பெயராகத்தான் இந்தச் சொல் உலகம் சுற்றியது. அதே பொம்பேயில் தூரிகையால் சிவப்பிலும் கறுப்பிலும் எழுதிய தேர்தல் விளம்பரங்களும் உண்டு. அவற்றைக் கிராஃபிட்டியில் சேர்க்காமல் 'டிப்பிந்தி', அதாவது தீட்டியவை, என்று தனியே பிரித்தார்கள். கீறியது வேறு, தீட்டியது வேறு என்ற அந்தப் பிரிவு நமக்கு மிகவும் உதவும்.

பிரிவு கலைந்தது 20ஆம் நூற்றாண்டில். 1949இல் அமெரிக்காவில் தெளிப்புச் சாயக் குப்பி வந்தது. 1960களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் இளைஞர்கள் தங்கள் புனைபெயரைச் சுவர்களிலும் ரயில்பெட்டிகளிலும் எழுதத் தொடங்கினார்கள். 'டாக்கி 183' என்று ஊரெங்கும் எழுதிய ஒருவரைப் பற்றி 1971இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. அதற்குப் பிறகு கிராஃபிட்டி என்றாலே ஸ்ப்ரே பெயின்ட் என்றாகி, கீறல் என்ற மூலப்பொருள் அகழாய்வுக்காரர்களிடம் மட்டும் ஒதுங்கியது. கீழடி, கொடுமணல் பானையோடுகளில் உள்ள குறிகளைத் தமிழில் 'கீறல் குறியீடுகள்' என்கிறோம். இது மூலத்துக்கு நேரான பெயர்.

தமிழில் 'எழுது' என்ற வினையும் அகலமானது. மை எழுதுவோம், கண்ணெழுதுவோம். சங்கப் பாட்டில் ஓவியம் தீட்டிய மண்டபம் 'எழுத்துநிலை மண்டபம்'. கிரேக்கத்தின் 'கிராஃபெயின்' என்ற வினைக்கும் இதே அகலம் உண்டு: கீறுதல், வரைதல், எழுதுதல் மூன்றும் அதற்குள் அடங்கும். இந்த இணையைப் பார்த்தால் 'சுவரெழுத்து' என்பதையே பொதுச்சொல்லாக வைக்கத் தோன்றும். டெல்டாவில் அது ஒத்துவராது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சுவரெழுத்து என்றால் கட்சிக்காரர் வெள்ளையடித்து, இடம்பிடித்து, ஆண்டும் போட்டு, கூலிக்கு ஆள்வைத்து எழுதும் விளம்பரம். சுவர்க்காரர் சம்மதித்ததும் உண்டு, சம்மதிக்காததும் உண்டு. அதை எழுதுபவரின் கைவேலைக்குத் தனி மரியாதை இருக்கிறது. தூணில் ஆணியால் பெயர் கிழித்தவரை அந்தப் பெயருக்குள் கொண்டுவர முடியாது.

அதனால் ஒரே சொல்லைத் தேடாமல் செயலைப் பார்த்துப் பிரித்து எழுதுவதே சரி. பரப்பைத் தோண்டியிருந்தால் சுவர்க்கீறல். பரப்பின்மேல் சாயமோ கரியோ ஏறியிருந்தால் அத்துமீறிய சுவரெழுத்து. உருவம் தீட்டியிருந்தால் அத்துமீறிய சுவரோவியம். அடைமொழி இல்லாத சுவரோவியம் இசைவோடு வரைந்ததற்கு மட்டும். 'கிறுக்கல்' என்பது பேச்சுக்குச் சரி. அதற்குள் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருப்பதால் அறிக்கைக்கு ஆகாது. புதுச்சொல் வார்க்க வேண்டிய தேவையே இல்லை.

இனி எந்த இடங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. தொழில்மரபு என்பது ஆலை, பட்டறை, கிடங்கு, சுரங்கம், ரயில்பாதை ஆகியவற்றின் கட்டடமும் எந்திரமும். ரஷ்யாவின் நிஷ்னி தாகில் நகரில் 2003இல் ஏற்ற பன்னாட்டுச் சாசனம் ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கிறது. பாசனமே பெருந்தொழிலாக இருக்கும் டெல்டாவில் அணைகளையும் மதகுகளையும் இதில் சேர்க்காமல் விடுவது பொருந்தாது. 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த முக்கொம்பு மேலணை, அணைக்கரையில் உள்ள கீழணை, 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்த ரயில்பாதையின் பழைய கட்டுமானங்கள், நாகையிலிருந்து ரயில் பட்டறை இடம்பெயர்ந்து வந்த திருச்சி பொன்மலை, ஊருக்கு ஊர் நிற்கும் அரிசி ஆலைப் புகைபோக்கிகள் எல்லாம் இந்த வகை. இவற்றில் பழையவை பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையும் சூளைச்செங்கல்லும் கருங்கல்லும் சேர்ந்தவை. மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் போயின. இத்தகைய பழங்கட்டுமானத்தில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு தூணும் இனித் திரும்ப வராத சாட்சி.

கீறலைத் துடைக்க முடியாது. போன பொருள் போனதுதான். பெயர் மறையும்வரை சுற்றிலும் அரைத்துத் தேய்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சூளையில் வெந்த செங்கல்லுக்கு மேல்தோல்தான் காப்பு. அது போனால் உள்ளே இருக்கும் மென்பகுதி தண்ணீரை உறிஞ்சும், உப்புப் பூக்கும், இரண்டு மழைக்காலத்தில் பொடியாக உதிரும். ஆழமில்லாத கீறலை அப்படியே விட்டுவிடலாம். தண்ணீர் தேங்கும் அளவுக்கு ஆழமாக இருந்தால் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சுர்க்கி என்னும் செங்கல் தூள் 1 பங்கு, சலித்த ஆற்றுமணல் 2 பங்கு சேர்த்து நனைத்த கீறலில் அழுத்தி அடைக்க வேண்டும். ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் காயாமல் காக்க வேண்டும். அவசரத்துக்குச் சிமென்ட் வைத்தால் அது செங்கல்லைவிடக் கெட்டி. ஈரம் அடைப்பின் வழியாக வெளியேற வழியின்றி ஓரத்துச் செங்கல்லைத் தின்னும். நாகை, தரங்கம்பாடி போன்ற கடலோரங்களில் மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கலக்கக்கூடாது. உப்பு மணல் கலந்த காரை சுவருக்கு நோய்.

சாய எழுத்துக்கு வேலை வேறு. முதலில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். பிறகு கண்ணில் படாத மூலையில் 10 செ.மீ. சதுரத்தில் சோதனை. புதிய ஸ்ப்ரே பெயின்ட் பெரும்பாலும் அசிட்டோனுக்கு இளகும். நாள்பட்ட எனாமலுக்குக் கூழ்வடிவப் பெயின்ட் ரிமூவர் வேண்டியிருக்கும். கரைப்பானைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் சாயம் கரைந்து செங்கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, எழுத்துப் போய் அதன் நிழல் நிற்கும். அந்த நிழலை எடுப்பது எழுத்தை எடுப்பதைவிடக் கடினம். எனவே சுற்றுப்பரப்பை முன்னரே நீரால் நனைத்துவிட்டு, வெள்ளைக் களிமண்ணும் காகிதக்கூழும் கரைப்பானும் குழைத்த பற்றை எழுத்தின்மேல் 1 செ.மீ. கனத்தில் அப்பி, பாலித்தீன் தாளால் மூட வேண்டும். சாயம் சுவருக்குள் போகாமல் பற்றுக்குள் ஏறிவரும். மூடிவைக்கும் நேரத்தைச் சோதனைச் சதுரம்தான் சொல்லும். பற்றை மரக்கரண்டியால் எடுத்து, நைலான் பிரஷால் கழுவி, வேண்டுமானால் திரும்பச் செய்யலாம். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. உடைந்த கம்பித்துகள் சுவரில் தங்கித் துருப்பிடித்து, பழைய எழுத்தைவிட மோசமான செங்கறை ஆகும்.

சித்திரை வெயிலில் கரைப்பான் பற்றுக்குள் நிற்காமல் ஆவியாகிவிடும். ஐப்பசி மழையில் சுவரே ஈரமாக இருக்கும். தை, மாசியில் சுவர் நிழலில் இருக்கும் வேளைதான் தோது. அசிட்டோன் இருக்குமிடத்தில் பீடி, அடுப்பு எதுவும் ஆகாது. கழுவுநீரை வாய்க்காலில் விடாமல் அடியில் தாளும் மரத்தூளும் போட்டுப் பிடிக்க வேண்டும். மணல் பீய்ச்சுதல், உயர் அழுத்தத் தண்ணீர், அமிலம் மூன்றையும் ஒப்பந்தத்திலேயே தடுத்து எழுதிவிடுவது நல்லது. முதலாவது மேல்தோலை உரிக்கும், இரண்டாவது காரையை அரிக்கும், மூன்றாவது சுண்ணாம்பைக் கரைக்கும். இரும்பு மதகில் எழுதியிருந்தால் உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்கவோ சுடுவிளக்கால் எரிக்கவோ கூடாது. அடியில் உள்ள பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாக் குறியும் குற்றம் அல்ல. கல்தச்சர் குறி, வெள்ளமட்டக் கோடு, மதகு எண், செங்கல்லில் பதிந்த சூளை முத்திரை ஆகியவை கட்டுமானத்தின் ஆவணங்கள். பல தலைமுறைக்கு முந்தைய பெயர்க்கீறலும் இன்று அதே கணக்கில் வரும். சுத்தப்படுத்தும் ஆர்வத்தில் இவையும் போய்விடுவது நடக்கிறது. 'இங்கே எழுதாதீர்' என்று கருங்கல்லில் எனாமலால் பட்டையாக எழுதுவது மட்டும் எந்த வகை என்று இன்னும் யாரும் தீர்க்கவில்லை.

சட்டமும் சொல்லைப் பார்க்கும். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தை உருக்குலைத்தால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டியலில் இல்லாத ஆலைச் சுவருக்கு இது பொருந்தாது. விளம்பரம் என்றால் தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டுத் திறந்தவெளி அழகுச் சீர்குலைவுத் தடுப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். புகாரில் வெறுமனே 'சுவரோவியம்' என்று எழுதினால் எதன்கீழ் எடுப்பது என்றே தெரியாது.

பதிவேட்டில் எழுதும்போது இடம், பரப்பு, வகை, அளவு, வயது என்ற வரிசை போதும். மாதிரிக்கு: 'மூன்றாம் தூண், கிழக்கு முகம், செங்கல், சுவர்க்கீறல், 40 செ.மீ. நீளம், 4 மி.மீ. ஆழம், புதியது, விளிம்பு கூர்மை, பாசி இல்லை.' வயதைக் காட்டிக்கொடுப்பது இந்தக் கடைசி இரண்டு குறிப்புகள்தான்: பழைய கீறலின் விளிம்பு மழுங்கியிருக்கும், உட்புறமும் பாசி படிந்து சுவரின் நிறத்துக்கே திரும்பியிருக்கும்.