கோடிட்டு அடிக்கப்படும் தொழில்கள்

மலேசியாவின் பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியின் ஆலோசக ஆசிரியரான எனக்கு, படிவம் 1, 2 (13, 14 வயது) மாணவர்களிடம் "என்னவாக விரும்புகிறாய்?" என்று கேட்பதில் நம்பிக்கை குறைந்துவிட்டது. மருத்துவர், வழக்கறிஞர், அண்மைக் காலமாக யூடியூபர் என்று உடனே வரும் விடை, பெரும்பாலும் கேட்பவரை மகிழ்விக்கச் சொல்வதுதான். ஆகவே முப்பது தொழில்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, தமக்கு ஒத்துவராதவற்றைக் கோடிட்டு அடிக்கச் சொல்கிறேன். எங்கள் பேச்சு அடிபட்டவற்றிலிருந்து தொடங்கும்.

லிண்டா காட்ஃபிரெட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1981இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, 6 முதல் 8 வயதுக்குள் ஆண் வேலை, பெண் வேலை என்று பிரிக்கப் பழகும் குழந்தைகள், 9 முதல் 13 வயதுக்குள் மதிப்புக் குறைந்தவை என்றும் தம்மால் எட்ட முடியாதவை என்றும் மேலும் பலவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். தமக்கு எதில் நாட்டம் என்று எண்ணத் தொடங்குவது அதற்குப் பின்னரே.

வீட்டு மின்விசிறியைத் தானே கழற்றிப் பழுதுபார்க்கும் படிவம் 2 மாணவி ஒருத்தி, 'டெக்னீஷியன்' என்பதை இரண்டு கோடுகளால் அடித்திருந்தாள். அவளுடைய தந்தைக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் அதே வேலை. "'இந்த வேலை என்னோட போகட்டும்'னு அப்பாவே சொல்வாரு, டீச்சர்" என்றாள். 1972இல் அங்கே சுதந்திர வாணிப மண்டலம் அமைந்தது முதல் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்ட வேலை அது. தயங்கித் தயங்கிப் பள்ளிக்கு வந்த அந்தத் தந்தை, இயந்திரத்தின் ஓசையை வைத்தே பழுதைக் கண்டுபிடிப்பதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். மகள் அதுவரை கேட்டிருந்ததெல்லாம் இரவு வேலையின் அலுப்பை மட்டுமே. கணிதத்தில் அவளுக்கு ஊக்கமில்லை என்று ஆசிரியர்கள் குறைபட்டதைச் சோம்பலாக நான் கருதவில்லை. எங்கே கொண்டுசேர்க்கும் என்று தெரியாத பாடத்தில் யாருக்குத்தான் ஊக்கம் பிறக்கும்?

படிவம் 3இல் எழுதப்பட்டுவந்த பி.டி.3 என்னும் அரசுத் தேர்வு 2022இல் நீக்கப்பட்ட பின், படிவம் 3 பல பெற்றோருக்குக் கவலையற்ற ஆண்டாகத் தோன்றுகிறது. ஆனால் படிவம் 4 பாடத் தேர்வும் தொழிற்கல்லூரி விண்ணப்பமும் அதையொட்டியே வருகின்றன. கூடுதல் கணிதத்தை அப்போது விட்டவர், படிவம் 5இல் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த பின் பொறியியல் பக்கம் திரும்புவது எளிதன்று. எனவே படிவம் 2இலேயே ஆலோசக ஆசிரியரை ஒருமுறை சந்தித்து, பிள்ளை எவற்றை அடித்திருக்கிறது, ஏன் அடித்தது என்று கேளுங்கள். படிவம் 3இன் இறுதியில் வந்தால் எங்களுக்கு மிஞ்சுவது விண்ணப்பத்தை நிரப்பும் வேலை மட்டுமே.