கடுவன் பூனைக்கு மறுபடி மறுபடி சீழ் பிடிப்பது ஏன்?

வெளியே திரியும் கடுவன் பூனையை வளர்ப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. கன்னத்திலோ வாலடியிலோ திடீரென்று வீக்கம். கால்நடை மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றி மருந்து தருகிறார்; பூனை தேறிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து வேறோர் இடத்தில் வீங்கி வந்து நிற்கிறது. மருந்து பலிக்கவில்லை என்று மருத்துவரை மாற்றுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். நோய் வந்த வழிதான் இன்னும் திறந்து கிடக்கும்.

வீக்கத்தின் மேலுள்ள ரோமத்தை விலக்கிப் பாருங்கள். கடுகளவில் ஒன்றிரண்டு பொருக்குகள் தென்படும். எதிரிப் பூனையின் கோரைப்பல் இறங்கிய இடம் அது. அந்தப் பல் மெல்லியது, கூரானது. ஊசி போடுவதுபோலத் தோலைத் துளைத்து, வாயிலுள்ள கிருமிகளை ஆழத்தில் இறக்கிவிடுகிறது. அவற்றில் முக்கியமானது பாஸ்சுரெல்லா மல்டோசிடா. நலமாக இருக்கும் பூனைகளின் வாயிலும் அது சாதாரணமாகக் குடியிருக்கிறது. துளை சிறியது என்பதால் தோல் சீக்கிரமே மூடிக்கொள்கிறது. உள்ளே காற்றுப் புகாத இடத்தில், ஆக்சிஜன் தேவைப்படாத கிருமிகளும் சேர்ந்து பெருகுகின்றன. அவற்றைத் தாக்க வரும் வெள்ளையணுக்கள் மடிந்து, சிதைந்த தசையோடு கலந்து சீழாகின்றன. இரண்டு முதல் ஐந்து நாட்களில் கட்டி திரண்டுவிடும்.

கிருமி பரவாமலிருக்க உடல் இந்தச் சீழைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. ஆனால் இரத்தத்தில் வரும் ஆன்டிபயாட்டிக்கும் அந்தச் சுவரைத் தாண்டி எளிதில் உள்ளே போக முடிவதில்லை. கீறிச் சீழை வடிப்பதுதான் சிகிச்சையின் முதல் பாதி என்பது இதனால்தான். மேலே அரைத்துப் பூசும் மஞ்சள் அந்த ஆழத்துக்குப் போவதில்லை.

கட்டியோடு காய்ச்சலும் வரும். பூனையின் இயல்பான வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைக் கணிக்க இயலாது. தயவுசெய்து வீட்டிலுள்ள பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். நம் கல்லீரல் அந்த மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றுகிறது. அதற்கு வேண்டிய நொதியைத் தரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது. வெளியேற வழியில்லாத மருந்து நச்சாக மாறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

சரி, கட்டி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஆறிய அதே இடம் மறுபடி உடைந்தால், உள்ளே சீழ்ப்பை மிச்சமிருக்கலாம். முறிந்த பல்துண்டோ நகமோ தங்கியிருக்கலாம். வெவ்வேறு இடங்களில் வந்தால் அவை புதிய கடிகள். முகத்திலும் முன்னங்காலிலும் கடிபட்டிருந்தால் பூனை எதிர்த்து நின்றிருக்கிறது. வாலடியில் என்றால் ஓடும்போது வாங்கியிருக்கிறது. எல்லைக்கும் பெண் பூனைக்கும் நடக்கும் இந்தச் சண்டைக்குப் பின்னால் இருப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். கருத்தடை செய்த சில வாரங்களில் அது வடிந்து, பெரும்பாலான கடுவன்கள் அலைவதும் அடித்துக்கொள்வதும் வெகுவாகக் குறைகின்றன. பூனைமீது பாவம் பார்த்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள், அது வாங்கும் ஒவ்வொரு கடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடி வழியே இன்னொன்றும் பரவுகிறது. 1986இல் கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் எஃப்ஐவி (FIV) என்ற வைரஸைக் கண்டறிந்தார்கள். மனிதரின் எச்ஐவிக்கு உறவான அது பூனையின் நோயெதிர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது, மனிதருக்குத் தொற்றாது. புண்கள் ஆறாமல் இழுத்தால், ஈறு ஓயாமல் வீங்கினால், எஃப்ஐவி இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தொற்று இருந்தாலும் நல்ல பராமரிப்பில் பல ஆண்டுகள் வாழும் பூனைகள் உண்டு.

நாடாப்புழுவின் கதையும் இப்படித்தான். மலத்திலும் வாலடி ரோமத்திலும் அரிசி போல ஒட்டியிருப்பவை அந்தப் புழுவின் துண்டுகள். மருந்து புழுவைக் கொன்றுவிடும். ஆனால் அந்தத் துண்டிலிருந்து சிதறும் முட்டைகளைத் தரையில் கிடக்கும் தெள்ளுப்பூச்சியின் இளம்புழு தின்கிறது. வளர்ந்த தெள்ளு பூனைமேல் ஏறுகிறது. நக்கிச் சுத்தம் செய்யும்போது பூனை அதை விழுங்க, சில வாரங்களில் புதிய நாடாப்புழு வளர்ந்துவிடும். ஆகவே தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. ரோமத்திலுள்ள கருந்துகளை ஈரப் பஞ்சில் ஒற்றுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால், அது தெள்ளு கழித்த இரத்தம்.

பூனைமேல் தெரியும் தெள்ளுகள் மொத்தத்தில் சிறு பகுதியே. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் பாயிலும் சாக்கிலும் தரை இடுக்கிலும் இருக்கின்றன. கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் வெப்பமும் உணர்ந்ததும் வெளிவரும். பூனை படுக்கும் துணியை வெந்நீரில் துவைப்பதையும், வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் மருந்திடுவதையும் சில மாதங்கள் விடாமல் தொடர வேண்டும்.

அந்த மருந்து பூனைக்கென்றே தயாரித்ததாக இருக்கட்டும். நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதையும் சரியாக வெளியேற்ற முடியாது. தவறிப் பட்டு உடல் நடுங்கத் தொடங்கினால், தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். எந்த மருந்து பட்டது என்று காட்ட அந்தக் குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.