மார்கழியில் மட்டும் சங்கு ஏன் பக்கத்தில் கேட்கிறது?

காவிரிக் கரையோரம் எங்கள் அப்பாயி வீட்டுச் சுவரில் கடிகாரம் உண்டு. ஆனால் வீட்டுக்கு நேரம் சொன்னது, 5 கிலோமீட்டர் தள்ளியிருந்த பொன்மலைச் சங்குதான். நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் 1928-இல் திருச்சிப் பொன்மலைக்கு வந்தது. கைக்கடிகாரம் எல்லோரிடமும் இல்லாத காலம். ஆட்களைக் கூப்பிடவும் வீட்டுக்கு விடவும் ஆலைகள் சங்கு ஊதின. எந்த ஷிப்டுக்கும் போகாத அப்பாயியும் அதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்.

பெயர்தான் சங்கு. மின்சாரச் சங்கில் ஊதுகிற வேலையே இல்லை, காற்றை நறுக்குகிறார்கள். ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டப்பா, இரண்டின் சுவரிலும் வரிசையாகத் துளைகள். வெளி டப்பா அசையாது. உள்ளே இருப்பதை மோட்டார் சுழற்ற, அதிலுள்ள தகடுகள் காற்றை வெளியே தள்ளும். துளையோடு துளை நேர்பட்டால் காற்று பாயும், விலகினால் நிற்கும். 10 துளை, நிமிடத்துக்கு 2,880 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 48 சுற்று, 480 வெட்டு. அந்த 480 அதிர்வுதான் நம் காதில் விழும் சுரம். மோட்டார் வேகம் பிடிக்கச் சில நொடி ஆவதால் 'ஊ...' என்று அடியிலிருந்து ஏறுகிறது; சுவிட்சை அணைத்தால் அப்படியே இறங்குகிறது. (கரும்பாலையில் பாய்லர் நீராவியில் ஊதுவது பெரிய விசில், அது வேறு சங்கதி.)

1819-இல் பிரான்சின் கான்யார் த லா தூர் இதே போலக் காற்றை நறுக்கிச் சுரம் எழுப்பச் செய்த கருவி யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு சுரத்துக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணத்தான் அது. தண்ணீருக்குள்ளும் பாடியதால், கிரேக்கக் கதையில் வரும் கடல் மோகினிகளின் பெயரை அதற்கு வைத்தார்: சைரன்.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அதனால் அப்பாயியின் நேரம் எப்போதும் 15 நொடி பின்னால்தான். சோற்றுக்கு அது பெரிய தாமதமில்லை.

மார்கழி விடியலில் மட்டும் சங்கு கொல்லைப்புறத்தில் ஊதுவது போலிருக்கும். இரவில் வயல் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று சில்லென்று கிடக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று. வெப்பக் காற்றில் ஒலி வேகமாக ஓடும், அதனால் மேலே ஏறப்பார்த்த ஒலியும் வளைந்து தரைக்கே திரும்பும். குறுக்கே மலையும் இல்லை, ஒரே நெல்வயல்.

பங்குனி மதியம் நேர்மாறு. தரை கொதிக்க, ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும்.

"இன்னிக்குச் சங்கே ஊதலையேடா" என்பார் அப்பாயி, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி. ஊதியிருக்கும், ஓட்டுக்கு மேலே எங்கேயோ போயிருக்கும்.