ஸ்கிஸம்: பிரிவினையா, பீறலா?

திருகோணமலையில் போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, அயல்வீட்டு மாமி கைபேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய குரல்பதிவு. ரோமில் இருப்பவர் பாப்பரசரே இல்லையாம். உண்மை விசுவாசிகள் தங்கள் குழுவுக்கு வர வேண்டுமாம். "இது ஸ்கிஸம் எண்டு மகள் சொல்லுறாள். அப்பிடியெண்டா என்ன தம்பி?"

சொல் கிரேக்கம். ஸ்கிஸ்மா என்றால் துணியில் விழும் கிழிசல். மத்தேயு 9:16இல், பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை இணைத்தால் கிழிசல் பெரிதாகும் என்று இயேசு சொல்லும் இடத்தில் வருவது இதே சொல். பழைய தமிழ் வேதாகமம் அதை "பீறல்" என்கிறது. எவ்வளவு அழகான சொல்! கொரிந்தியருக்குப் பவுல் எழுதும்போது (1 கொரி. 1:10) அதே சொல் "பிரிவினைகள்" ஆகிவிடுகிறது.

பதிதம் வேறு. விசுவாசச் சத்தியத்தைப் பிடிவாதமாக மறுப்பது பதிதம். பாப்பரசருக்குக் கீழ்ப்படியவோ, அவரோடு நிற்கும் சபையோடு ஒன்றித்திருக்கவோ மறுப்பது ஸ்கிஸம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், 751ஆம் இலக்கம், இரண்டையும் பிரித்தே சொல்கிறது. 1054இல் கிழக்கும் மேற்கும் பிரிந்தது பெரிய ஸ்கிஸம். அண்மையில், பாப்பரசர் பிரான்சிஸை ஏற்க மறுத்த பேராயர் கார்லோ மரியா விகனோ இதே குற்றத்துக்காக 2024 ஜூலையில் சபை ஒன்றிப்பிலிருந்து விலக்கப்பட்டார். தன்மேல் வழக்கு வந்த செய்தியை அவரே எக்ஸ் தளத்தில் போட்டிருந்தார். முன்பு ஆயர்கள் சுற்றுமடல் எழுதிப் பிரிந்தார்கள். இப்போது ஒரு பதிவு போதும், மாமியின் கைக்கே வந்துவிடுகிறது.

தமிழில் என்ன சொல்வது? "பிரிவினை" என்று எழுத எனக்கு மனமில்லை. தனிநாடு கோருவதைத் தடைசெய்த, இலங்கை அரசியலமைப்பின் 1983ஆம் ஆண்டு 6ஆம் திருத்தத்துக்குப் பிறகு இந்த நாட்டில் அந்தச் சொல்லின் பாரம் நமக்குத் தெரியும். கோயிலுக்குள் நடக்கும் சண்டைக்கு அதைச் சூட்டினால் சாதாரண மனிதர்மேல் தேவையில்லாத நிழல் விழும். "சபைப்பிளவு" என்பதே பொருத்தம். நிர்வாகப் பிரிப்பையும் இதோடு குழப்பக் கூடாது: 2012இல் திருகோணமலை-மட்டக்களப்பு மறைமாவட்டம் இரண்டானது, இரண்டும் ஒரே ஒன்றிப்பில்தான் இருக்கின்றன.

அந்தக் குரல்பதிவைக் கேட்டவரையெல்லாம் பிளவுபட்டவர் என்றும் சொல்லாதீர்கள். கேட்பதும் சந்தேகப்படுவதும் பிளவல்ல, ஒன்றிப்பை மறுப்பதே பிளவு. மாமி மறுக்கவில்லை, கேட்டார்.