மோட்டார் இல்லாமல் 90 மீட்டர்: சாட்ஸ்வொர்த் நீரூற்று இயங்கும் விதம்

இங்கிலாந்தின் டார்பிஷயரில் டெவன்ஷயர் கோமகன்களின் சாட்ஸ்வொர்த் மாளிகை இருக்கிறது. குழுவாகத் தோட்டம் பார்க்க வருபவர்கள் அங்குள்ள ‘எம்பரர்’ நீரூற்றைக் கண்டதும் மோட்டார் அறை எங்கே என்று தேடுவது இயல்பு. அப்படியொன்று கிடையாது. 296 அடி, அதாவது சுமார் 90 மீட்டர் வரை எழுந்ததாகப் பதிவான இந்த நீர்த்தாரையை இயக்குவது மேட்டில் உள்ள ஓர் ஏரி மட்டுமே.

ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வருவார் என்று எதிர்பார்த்து, 6-ஆம் கோமகனுக்காக அவரது தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1844-இல் இதை அமைத்தார். பேரரசர் வரவேயில்லை. பாக்ஸ்டன் முதலில் கை வைத்தது நீரூற்று நிற்கும் குளத்தில் அல்ல, குன்றின் மேல். தோட்டத்தைவிட ஏறத்தாழ 107 மீட்டர் உயரத்தில் 8 ஏக்கர் ஏரியை வெட்டி, 15 அங்குலக் குழாய் வழியாகத் தண்ணீரைக் கீழே இறக்கினார்.

107 மீட்டர் நீர்மட்டம் குழாயின் அடியில் கொடுக்கும் அழுத்தம் சுமார் 10.5 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). இழப்பே இல்லாவிட்டால் தண்ணீர் நொடிக்கு 46 மீட்டர் வேகத்தில், மணிக்கு 165 கிலோமீட்டர், வெளியேறி மறுபடி 107 மீட்டரைத் தொட வேண்டும். நடுவில் காணாமல் போகும் உயரத்தைக் குழாயின் உராய்வும் காற்றின் தடையும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

உராய்வு பொல்லாதது. ஓட்டத்தின் அளவை இரட்டிப்பாக்கினால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் சுமார் 32 மடங்கு. அவ்வளவு பருமனான இரும்புக் குழாய்க்குச் செலவழித்தது ஆடம்பரமல்ல. உயரத்தின் பெரும்பகுதி அங்கேதான் காப்பாற்றப்படுகிறது.

செடிக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் எட்டிப் பாய்வதற்கும் காரணம் இதுதான். ஓட்டம் குறைகிறது, உராய்வு இழப்பு குறைகிறது, மிஞ்சிய அழுத்தம் வாய்க்கு வந்து சேர்கிறது. அப்படியானால் நீரூற்றின் வாயை மேலும் மேலும் சிறிதாக்கலாமே? முடியாது. மெல்லிய தாரையைக் காற்று சீக்கிரம் துளிகளாகக் கிழித்துவிடும். துளிகள் வேகமிழந்து பாதியிலேயே விழும். பருமனான தாரையோ ஏரியைக் காலி செய்யும். உதாரணமாக 5.5 சென்டிமீட்டர் வாயில் நொடிக்கு 42 மீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 100 லிட்டர், மணிக்கு 360 கன மீட்டர். 8 ஏக்கர் ஏரியில் அது மணிக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கேட்கச் சிறிதுதான், மழையில்லாத கோடையில் நாள் முழுக்க ஓடினால் வாரக் கடைசியில் கரை தெரியும். அதனால் சாதாரண நாளில் தாரையைத் தாழ்த்தி வைத்திருந்தால் குறைசொல்ல வேண்டாம்.

வால்வை மெதுவாகத்தான் திறக்க வேண்டும், அதைவிட மெதுவாக மூட வேண்டும். குழாய்க்குள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், ஏற்கெனவே உள்ள அழுத்தத்தின் மேல் இன்னும் 20 பாருக்கு மேல் ஏறி அலையாக அடிக்கும். வார்ப்பிரும்பு இணைப்புகள் விட்டுப்போவது இப்படித்தான். குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் காற்று தங்கினால் தாரை சீறித் துப்பும். அங்கே காற்றுப்போக்கி வேண்டும். ஏரியின் வாயில் சல்லடை இல்லாவிட்டால் இலையும் குச்சியும் வந்து அடைக்கும். நீரூற்றின் வாயை நெருங்கும் நீர் சுழன்று வந்தாலும் தாரை கண்ணாடிக் கோல் போல நிற்காது, புறப்பட்ட இடத்திலேயே விரியும்.

இதே உயர வித்தியாசம் விசைச்சுழலியையும் (டர்பைன்) சுழற்றியது: 1893-இல் மாளிகைக்கு மின்சாரம் வந்ததும் இந்தத் தண்ணீரால்தான்.

பார்க்க நிற்கும் இடம் முக்கியம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் குழு முழுதும் நனையும், கேமராவும்தான். வானவில் வேண்டுமானால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்; குளத்தின் தென்புறம் நின்று மாளிகையைப் பார்ப்பது வசதி. ஆனால் ஜூன் நண்பகலில் அங்கே சூரியன் 60 பாகை உயரத்தில் நிற்கும். 42 பாகையைத் தாண்டினால் வானவில் கண்மட்டத்துக்குக் கீழே போய்விடும். அக்டோபரில் நண்பகலிலேயே கிடைக்கும். கோடையில் மாலை நான்கரைக்குப் பிறகு, சூரியன் மேற்கே சாய்ந்ததும், குளத்தின் மேற்குக் கரைக்கு மாறிக்கொள்ளுங்கள்.